பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுங்கள்

தன் உடம்பை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதைச் சிறு பிள்ளைகளுக்கும் சொல்லித் தர வேண்டும். வயதுக்கேற்ற பாதுகாப்புப் பாடத்தை அரசுகள் தயாரிக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டின் போக்சோ விதிகளும் கூறுகின்றன. 'பச்சைப் பிள்ளைக்கு இந்தக் கண்றாவி எதற்கு?' என்று முகம் சுளிப்போர் நம்மவர்களில் குறைவில்லை.

மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், விசாரிக்கப்பட்ட பிள்ளைகளில் 53 சதவீதம் பேர் ஏதாவதொரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். ஆகவே பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல இது. தொல்லை கொடுப்பவரும் பெரும்பாலும் தெரிந்த மனிதர்தான்.

இதில்தான் மும்பைத் தமிழர்களுக்குத் தனிச் சங்கடம். தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ உள்ள பத்துக்குப் பத்து அறைக்குத்தான் ஊரிலிருந்து வேலை தேடி வருபவர் முதலில் வந்து சேருகிறார். தகப்பன் ஷிப்டுக்கும் தாய் வீட்டு வேலைக்கும் போனபின் பிள்ளைக்குத் துணை அவர்தான். வருகிறவர்களையெல்லாம் சந்தேகிப்பது நியாயமல்ல. இப்படி ஒருவரையொருவர் தாங்கியிராவிட்டால் நம்மவர்கள் இங்கே காலூன்றியிருக்கவே முடியாது. ஆனால் 'மாமா சொன்னபடி கேள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது ஆபத்து. மாமாவே ஆனாலும் 'வேண்டாம்' என்று சொல்லலாம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பள்ளியில் 'குட் டச், பேட் டச்' என்று சொல்லித் தருகிறார்களே, போதாதா? போதாது. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் அம்மாவிடம் சொல்லத் தமிழில் வார்த்தை கிடையாது. உடம்பின் உறுப்புகளுக்கு நாம் பெயரே சொல்லித் தருவதில்லை. 'ஷேம் ஷேம்' என்பதோடு சரி. குளிப்பாட்டும் போதே கை, கால் என்பதைப் போல மற்ற உறுப்புகளையும் பெயர் சொல்லிப் பழக்கலாம். 'அம்மாவிடம் சொல்லாதே' என்று எவர் சொன்னாலும் அதையே முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரு விதி, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

விஷயம் வெளியே வந்தால் நம்மவர்கள் செய்வது என்ன? ஆசாமிக்கு ரயில் டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பி விடுகிறார்கள். அங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2012-ம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதற்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. மராட்டி தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டியது சட்டம் விதித்த கடமை. கூடிய வரை பெண் அதிகாரியே, சீருடை இல்லாமல், வீட்டுக்கே வந்து பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும். 1098 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம். 1996-ல் இதே மும்பையில் தொடங்கிய உதவி எண் அது.

பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மண்டபம் பிடிக்கும் நம் சங்கங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்கித் தமிழிலேயே விளக்கிச் சொல்ல ஏற்பாடு செய்யட்டும். தாய்மார்களை மட்டும் அனுப்பிவிட்டுத் தகப்பன்மார் டீக்கடையில் நிற்கக் கூடாது.