எலி செத்தது, தெள்ளு சாகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

காட்டாங்குளத்தூரில் எங்கள் தெருக் கால்வாயை ஒட்டி சென்ற வாரம் உள்ளாட்சியினர் எலிமருந்து வைத்தார்கள். மறுநாளே பெருச்சாளிகள் செத்து மிதந்தன. அள்ள ஒருவரும் வரவில்லை. வாசற்படியோரம் கிடந்த ஒன்றைக் குச்சியால் தள்ளியபோது, அதன் வயிற்று மயிரிலிருந்து தெள்ளுப்பூச்சிகள் துள்ளித் தெறித்ததைக் கண்ணால் பார்த்தேன். அன்றிரவே பேத்தியின் கணுக்காலெல்லாம் சிவந்த தடிப்பு.

புகார் சொன்னால், "செத்த எலியா கடிக்கப்போகிறது?" என்கிறார் தொலைபேசியை எடுத்தவர். எலி கடிக்காது ஐயா, தெள்ளு கடிக்கும். எலியின் உடம்பு குளிர்ந்ததும் அது வேறு சூடான உடம்பைத் தேடிப் போகும். பிளேக் இப்படித்தான் மனிதனுக்குத் தொற்றுகிறது என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சியில் கண்டுபிடித்துச் சொன்னார். முதலில் வளைகளில் பூச்சிமருந்துத் தூள் தூவித் தெள்ளை ஒழிக்க வேண்டும், அதன் பிறகே எலிக்கு மருந்து. இந்த வரிசை தெரியாதவர்களிடமா ஊரின் சுகாதாரத்தை ஒப்படைத்திருக்கிறோம்?

பிளேக்கெல்லாம் அந்தக் காலத்து நோயாம். 1994-இல் சூரத் நகரமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதே, அது எந்தக் காலம்? பிளேக்கை விடுங்கள். எலித்தெள்ளு பரப்பும் டைபஸ் காய்ச்சல் இன்றும் இருக்கிறது. தெள்ளின் எச்சம் தோலில் கிடக்க, நாம் அரிப்பு தாங்காமல் சொறிய, அந்தக் கீறல் வழியே கிருமி உள்ளே போகிறது. காய்ச்சல், தலைவலி, சில நாள் கழித்து உடம்பில் தடிப்பு. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்கே கட்டுப்படும் நோய்தான். ஆனால் டெங்குவா, டைபாய்டா என்று பார்த்தே நாள் கடந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மக்கள் குப்பை கொட்டுவதால்தான் எலி பெருகுகிறது என்று பழியை எங்கள் மேல் போடுகிறார்கள். பொத்தேரி வரை விடுதியும் உணவுக்கடையுமாக நிரம்பிவிட்ட ஊரில், மிச்சச் சோற்றை அன்றன்றே அள்ள வண்டி அனுப்புவது யார் வேலை? அது நடக்காததால்தான் வீட்டுக்கு வீடு எலிமருந்து வைக்கிறார்கள். அதன் விளைவையும் பார்த்துவிட்டோம். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே, வீட்டில் வைத்த எலிமருந்தின் நெடியில் இரண்டு பிஞ்சுக் குழந்தைகள் இறந்தார்கள்.

செத்த எலிகளை இன்றே அள்ளிப் புதையுங்கள். வளைகளுக்குத் தூள் தூவுங்கள். எங்கள் பகுதியில் காய்ச்சலோடு வருகிற ஒவ்வொருவருக்கும் டைபஸ் சோதனையும் செய்ய மருத்துவர்களுக்கு உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்டாங்குளத்தூர்