'ஸ்ட்ராங்' என்பது ஒரு சுவை இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

போன ஞாயிறு வீட்டில் விருந்தாளிகள். பழைய மாணவர் ஒருவர் கோத்தகிரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலையை, பால் சேர்க்காமல் போட்டுக் கொடுத்தேன். செம்பொன் நிறம். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் பூ மணம். ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன சார், கலரே இல்லை" என்றார். இன்னொருவர், "ஸ்ட்ராங்கா இல்லையே" என்றார். என் மைத்துனர், "வெந்நீர்தான் அத்தான்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

'ஸ்ட்ராங்' என்பது சுவை இல்லை. அது ஒரு சோம்பேறிச் சொல். நிறம், துவர்ப்பு, கசப்பு, கெட்டித்தன்மை ஆகிய நான்கையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். பிறகு எது இருக்கிறது, எது இல்லை என்று நமக்கே தெரிவதில்லை.

அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்தவர்கள் நம் முன்னோர். ஆங்கிலத்தில் அடிப்படைச் சுவைகளை எண்ணினால் துவர்ப்பு அந்தப் பட்டியலிலேயே வராது. கறுப்புத் தேநீரின் உயிரே துவர்ப்புதான். அதற்கான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு 'ஸ்ட்ராங்' என்கிறோமே!

வித்தியாசம் எளிது. நாவல்பழம் தின்றால் நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் பிடித்து இழுக்கிறதல்லவா, அது துவர்ப்பு. சுண்டைக்காய் வற்றல் விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கிறதே, அது கசப்பு. நல்ல டீ துவர்த்து, உடனே வாயைச் சுத்தமாக விட்டுவிடும். அதிக நேரம் கொதித்த டீ கசந்துகொண்டே இருக்கும்.

34 வருடம் வேதியியல் நடத்தியவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கசக்கிய இலையின் சாறு காற்றுபட்டு மாறும்போது இரண்டு வகைப் பொருள்கள் உருவாகின்றன. தியாஃபிளேவின்கள் பளிச்சென்ற தன்மையையும் சுறுசுறுப்பான துவர்ப்பையும் தருகின்றன. தியாரூபிஜின்கள் அடர்ந்த செம்பழுப்பு நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தருகின்றன. இலையை அளவுக்கு மேல் காற்றில் விட்டால் நிறம் ஏறும், துடிப்பு இறங்கும். அதாவது, கலர் கலர் என்று கேட்பவர் பல நேரம் சுவையைக் கொடுத்து நிறத்தை வாங்குகிறார்.

பால் டீக்கு நான் எதிரி இல்லை. காலையில் எனக்கும் டஸ்ட் டீதான். 1930களில் அசாமில் பிறந்த சி.டி.சி. முறையில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறார்கள். அதனால் சாறு சீக்கிரம் இறங்குகிறது. பாலிலுள்ள கேசின் புரதம் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடுவதால், பாலைத் தாங்கி நிற்க அப்படிப்பட்ட தூள் வேண்டும். அது அந்த வேலைக்குச் சரி. அந்த ஒரு அளவுகோலை வைத்து எல்லாத் தேயிலையையும் அளப்பதுதான் தப்பு.

"இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு சார்" என்பீர்கள். இல்லை. தேயிலைக்கு நிறம் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. இருந்தும் சாயத்தூள் பிடிபடுகிறது. ஏன்? நாம் கேட்பது நிறம், அதனால் நிறத்தை விற்கிறார்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு நீலகிரியின் சிறு விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறித்ததற்கும் முற்றின இலையை அறுத்துப் போட்டதற்கும் வித்தியாசம் தெரியாத வாய்கள் நம்முடையவை என்றால், பார்த்துப் பறிப்பவருக்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்கள்?

இளைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'மஸ்கட்டல்', 'மால்ட்டி' என்று டப்பாவில் இருப்பதைப் பார்த்து எழுதாதீர்கள். டார்ஜீலிங்கின் இரண்டாம் பறிப்பில் வரும் அந்த மஸ்கட் மணத்தை நினைத்துப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். கம்பத்துப் பன்னீர் திராட்சை மஸ்கட் இனம்தான். அசாம் டீயின் 'மால்ட்' என்பது முளைகட்டிய கேழ்வரகை வறுக்கும்போது உங்கள் பாட்டி வீட்டில் வந்த மணத்துக்குப் பக்கத்து வீடு. இலங்கையின் ஊவா டீயில் பருவகாலத்தில் வரும் குளிர்ச்சியான வாசனைக்குக் காரணமான மெத்தில் சாலிசிலேட், மூட்டுவலித் தைலத்தில் இருப்பதுதான். நம் மூக்குக்குத் தெரிந்ததைச் சொன்னால் அடுத்தவருக்குப் புரியும்.

இனி வீட்டுப்பாடம். சர்வதேசத் தர அமைப்பின் 3103ஆம் எண் தரமே டீ போட்டுச் சுவை பார்ப்பதற்குத்தான்: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் மூடி வைக்க வேண்டும். வீட்டிலிருக்கும் தூளை ஒரு வெள்ளைக் கோப்பையிலும், வேறொரு தூளை இன்னொன்றிலும் இப்படிப் போடுங்கள். பாலும் சர்க்கரையும் வேண்டாம். கொஞ்சம் ஆறியதும் சத்தம் வர உறிஞ்சிக் குடியுங்கள். சின்ன வயதில் இதற்கு முதுகில் அடி வாங்கியிருப்போம். டீ டேஸ்டர்கள் இதைத்தான் வேலையாகச் செய்கிறார்கள். காற்றோடு உறிஞ்சினால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும்.

பிறகு நான்கு கேள்விகள். துவர்க்கிறதா? கசக்கிறதா? வாயில் கெட்டியாக நிற்கிறதா, தண்ணீராக ஓடுகிறதா? என்ன மணம்? 'நல்லா இருக்கு', 'ஸ்ட்ராங்' என்ற இரண்டு சொற்களும் இல்லாமல் கீழே பதில் எழுதுங்கள். அந்தச் சொற்களை எழுதினால் மதிப்பெண் கிடையாது.

மைத்துனருக்கு மட்டும் இரண்டு கோப்பையையும் நானே போட்டுத் தருகிறேன். அடுத்த ஞாயிறு வரவும்.