ஐந்தாவது குருவியின் விலை



மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் இரண்டு அடைக்கலான் குருவிகளின் விலை ஒரு காசு. லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்திலோ ஐந்து குருவிகளின் விலை இரண்டு காசு. முதற்கணக்கின்படி இரண்டு காசுக்கு நான்கு குருவிகளே வரவேண்டும். ஐந்தாவது குருவி கொசுறு! அந்தக் கொசுறுக் குருவியையும் தேவன் மறப்பதில்லை என்றார் நம் ஆண்டவர். ஆகவே விலைக்கணக்கு வேதத்திற்கு அந்நியமானதன்று.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் சகோதரி ஒருவர் கண்ணீரோடு வந்தார்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் அல்ஜீப்ராவில் தோற்றுவிட்டான். படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிடலாம் என்பது தகப்பனாரின் தீர்மானம். "பாஸ்டர், அவனுக்கு ஞானம் கிடைக்க ஜெபியுங்கள்" என்றார்கள். ஜெபித்தேன். பின்பு அவனுடைய புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.

மூன்று நோட்டுகளும் இரண்டு பேனாக்களும் சேர்ந்து 86 ரூபாய். ஒரு நோட்டு, ஒரு பேனாவைவிட 12 ரூபாய் அதிகம். தனித்தனி விலை என்ன? ஆங்கிலத்தில் இருந்த அக்கணக்கில் கண்ட எண்களையெல்லாம் கூட்டி வைத்திருந்தான் பையன். நான் அதைத் தமிழில் தாயாருக்குச் சொன்னேன். சற்று யோசித்தார்கள். "மூணு நோட்டுக்குக் கூடுதல் 36 ரூபாய். அதைத் தள்ளினா மீதி 50. அது அஞ்சு பேனா விலைதானே? பேனா பத்து, நோட்டு இருபத்திரண்டு." பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவர்கள் அவர்கள்!

பேனாவின் விலையை 'ப' என்று வைத்துக்கொண்டால், நோட்டின் விலை ப + 12. எனவே 3(ப + 12) + 2ப = 86. அதாவது 5ப + 36 = 86. முப்பத்தாறைக் கழித்து, ஐந்தால் வகுக்க வேண்டும். தாயார் மனதில் செய்ததும் இதுவே. பள்ளியில் 'ப' என்பதற்குப் பதிலாக 'எக்ஸ்' என்கிறார்கள், வேறு வித்தியாசமில்லை. பையனுக்குத் தடையாயிருந்தது கணக்கன்று, பாஷை.

பரீட்சைக் காலத்தில் பேனாக்களைக் கொண்டுவந்து ஜெபிக்கக் கேட்கிறீர்கள். மகிழ்ச்சியோடே ஜெபிக்கிறேன். ஆயினும் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேலுக்கும் அவன் தோழருக்கும், கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்க மூன்று வருஷம் நியமிக்கப்பட்டிருந்ததே! ஜெபவீரரான அவர்களும் பாடத்தைக் கற்றார்கள்.

இப்பொழுது இரவு ஜெபம் முடிந்தபின் மகன் கணக்கை வாசித்துத் தமிழில் சொல்லுகிறான். தாயார் வாயால் விடை சொல்ல, அவன் 'எக்ஸ்' வைத்து எழுதுகிறான். தகப்பனார் வருஷப் பரீட்சை வரைக்கும் பொறுத்திருக்கச் சம்மதித்திருக்கிறார். சென்ற வாரம் துணையின்றி ஐந்து கணக்குகள் செய்தான். மூன்று சரி.