டிராகனுக்கு எத்தனை கால்?

கதை சொல்லும் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் ஓர் எச்சரிக்கை! "ஒரே ஒரு ஊரிலே ஒரு டிராகன் இருந்ததாம்" என்று ஆரம்பித்துவிட்டு, ஐந்து நிமிஷத்தில் குழந்தையைத் தூங்க வைத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். "அதுக்கு எத்தனை கால்? அது என்ன சாப்பிடும்? நெருப்பைக் கக்கினா அதோட வாய் வெந்து போகாதா?" என்று கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். "எல்லாம் கதைதானே, பேசாமல் படு!" என்று அதட்டினால் குழந்தை படுத்துக்கொள்ளும். ஆனால் மறுநாள் கேள்வி கேட்காது. அதுதான் நமக்கு நஷ்டம்.

ஆகையால் இந்த வாரம் நாம் ஒரு டிராகனைச் செய்து பார்ப்போம். அளவும் பக்குவமும் தெரிந்து செய்தால், பார்க்கிறவர்கள் "இருந்தாலும் இருக்கும்!" என்று சொல்லும்படி அமையும். ரகசியம் ஒன்றுதான். ஒரு பெரிய பொய் சொல்லலாம். அதைச் சுற்றியிருக்கும் சின்ன விஷயங்கள் எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். இத்தாலியச் சித்திரக்காரர் லியோனார்டோ டாவின்ஸி, கற்பனை மிருகம் வரைய விரும்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லி வைத்தார். தலையை நாயிடம் வாங்கு, கண்ணைப் பூனையிடம் வாங்கு, கழுத்தை ஆமையிடம் வாங்கு என்பது அவருடைய யோசனை. நம் ஊர்க் கோயில் தூண்களில் யாளி செய்த சிற்பிகளும் சிங்கத்தின் உடலுக்கு யானையின் துதிக்கையைக் கடன் வாங்கியவர்கள்தாமே!

முதலில் கால் கணக்கு. படங்களில் வரும் டிராகனுக்கு நான்கு கால்கள், போதாததற்கு முதுகில் இரண்டு சிறகுகள். ஆக மொத்தம் ஆறு. ஆனால் முதுகெலும்புள்ள பிராணிகளில் தவளை முதல் மனிதன் வரை எதற்கும் நான்குக்கு மேல் கிடையாது. பறவையின் சிறகு அதன் முன்னங்கால்தான். வௌவாலின் சிறகு, நீண்ட விரல்களுக்கு நடுவே தோலை இழுத்துக் கட்டியது. சிறகு வேண்டுமென்றால் முன்னங்கால்களைக் கொடுத்துவிட வேண்டும். இயற்கையின் கடையில் இரண்டும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

இதற்குத் தப்பும் வழி உண்டா? இரண்டு உண்டு. முதல் வழியை நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலேயே பார்க்கலாம். அங்கே மரத்துக்கு மரம் தாவும் சிறிய பறக்கும் ஓணான் ஒன்று இருக்கிறது. அதன் நான்கு கால்களும் பத்திரமாக இருக்கின்றன. விலா எலும்புகளைக் குடைக் கம்பிபோல் பக்கவாட்டில் விரித்து, அதன்மேல் உள்ள தோலால் காற்றில் மிதந்து செல்கிறது. இந்த இனத்துக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயரே 'டிராக்கோ', அதாவது டிராகன்! ஆனால் இந்தச் சிறகை அடித்துக்கொண்டு மேலே எழும்ப முடியாது. சறுக்கி இறங்கத்தான் முடியும்.

இரண்டாவது வழியைக் கையாண்டவர் ஒரு பெண்மணி. ஆன் மெக்காஃப்ரி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1967-ல் பெர்ன் என்ற கற்பனைக் கிரகத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தார். அவருடைய டிராகன்களுக்கு ஆறு உறுப்புகள். எப்படி என்று கேட்டால், அந்தக் கிரகத்தில் வாழும் சின்னஞ்சிறு நெருப்புப் பல்லிகளுக்கும் ஆறுதான்! ஒரு பிராணிக்கு மட்டும் ஆறு என்றால் சந்தேகம் வரும். அதன் பங்காளிகளுக்கும் ஆறு என்றால் யார் மறுப்பார்கள்? 1968-ல் ஹ்யூகோ பரிசு அவருக்குக் கிடைத்தது. கதைக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

அடுத்தது உடல் எடை. இங்கேதான் பெரும்பாலான டிராகன்கள் கீழே விழுகின்றன. ஒரு பிராணியை நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் இரண்டு மடங்காக்கினால், அதன் சிறகின் பரப்பு 4 மடங்காகும். எடையோ 8 மடங்காகிவிடும். வரவு நான்கு, செலவு எட்டு என்றால் குடும்பம் என்ன ஆகும்? அதே கதிதான். ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி இதைப் பற்றி 1926-ல் வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதினார். மனித உருவத்தில் ஒரு தேவதை பறக்க வேண்டுமானால், சிறகை அடிக்கும் தசைகளை வைப்பதற்கு அதன் மார்பு நாலடி முன்னால் துருத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். இந்த ஹால்டேன் 1957-ல் இங்கிலாந்தைவிட்டு நம் நாட்டுக்கே வந்து, இந்தியப் பிரஜையாகி, 1964-ல் புவனேசுவரத்தில் காலமானவர்.

பறப்பதற்கு உச்ச வரம்பு எது? இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவை 20 கிலோவை ஒட்டித்தான் நிற்கின்றன. ஆனால் பூர்வ காலத்தில் குவெட்சால்கோட்லஸ் என்று ஒரு பறக்கும் ஊர்வன இருந்தது. அதன் எலும்புகள் 1971-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் கிடைத்தன. சிறகை விரித்தால் ஏறக்குறைய 10 மீட்டர். எடை 200 கிலோவுக்கு மேல் இருக்கலாம் என்பது மதிப்பு. நின்றால் ஒட்டைச்சிவிங்கி உயரம். எலும்புகளோ உள்ளே கூடானவை. உங்கள் டிராகனை இந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது. மலைபோன்ற டிராகன்தான் வேண்டுமென்றால், தயவுசெய்து அதைத் தரையில் நடக்க விடுங்கள்.

பீட்டர் டிக்கின்ஸன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1979-ல் வேறொரு யுக்தி செய்தார். டிராகனின் வயிற்று அமிலம் எலும்புச் சத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குகிறது. அந்த வாயுவால் அது பலூன்போல் மிதக்கிறது. மிஞ்சிய வாயுவைக் கொளுத்தி நெருப்பாகக் கக்குகிறது என்றார். செத்த பிறகு அதே அமிலம் உடலைத் தின்றுவிடுவதால்தான் டிராகன் எலும்பு எங்கும் அகப்படவில்லையாம். கெட்டிக்காரர்! ஆனாலும் கணக்கைச் சரி பார்ப்போம். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் சுமார் 1.1 கிலோ எடையைத்தான் தூக்கும். 1,000 கிலோ டிராகனைத் தூக்க 900 கன மீட்டர் வேண்டும். அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு ஓர் உருண்டை வயிறு!

நெருப்பைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். பம்பார்டியர் என்ற சிறிய வண்டு இரண்டு ரசாயனங்களை வயிற்றில் ஓர் அறையில் சேர்த்து வைத்திருக்கிறது. எதிரி வந்தால் அவற்றைக் கெட்டிச் சுவருள்ள இன்னோர் அறைக்குள் தள்ளும். அங்கே வேறு சத்துகள் சேர்ந்ததும் கலவை கொதித்து, 100 டிகிரி சூட்டில் பீறிட்டு அடிக்கிறது. வண்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. மெக்காஃப்ரியின் டிராகன்களோ ஒருவகைக் கல்லை மென்று, காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும் வாயுவைக் கக்குகின்றன. எதுவானாலும் எரிபொருள் எங்கே இருக்கிறது, எது பற்ற வைக்கிறது, வாய் ஏன் வேகவில்லை என்ற மூன்றுக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை கேட்பதும் அவ்வளவுதான்.

கடைசியாகக் குடும்ப விஷயம். இதை ஆண் எழுத்தாளர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். டிராகன் வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன வழி? புலிக்கு வருஷத்துக்கு மான் அளவில் சுமார் 50 இரை வேண்டும். புலியைப்போல் ஐந்து மடங்கு எடையுள்ள வெப்ப ரத்த டிராகனுக்கு, பெரிய உடம்பு சிக்கனமாகச் செலவழிக்கும் என்று பார்த்தாலும், இரண்டு நாளைக்கு ஒரு மானாவது தேவைப்படும். அந்தக் காட்டில் அத்தனை மான் உண்டா? முதலைபோல் குளிர் ரத்தமாக வைத்தால் மாதக் கணக்கில் பட்டினி கிடக்கும்; ஆனால் காலையில் வெயில் காய்ந்த பிறகுதான் சண்டைக்கு வரும்! குட்டிகள் எங்கே வளர்கின்றன? இந்தோனேஷியாவின் கொமோடோ டிராகன் என்ற ராட்சதப் பல்லியின் குஞ்சுகள், பெரியவை தங்களைத் தின்றுவிடாமலிருக்க மரத்தில் ஏறி வாழ்கின்றன. முதலைத் தாயோ அதே பயங்கரமான வாயில் குஞ்சுகளை மெல்லக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குப் போகிறது. இப்படி ஒரு வரி சேர்த்தால் டிராகன் உயிரோடு எழுந்து உட்கார்ந்துவிடும்.

"இல்லாத பிராணிக்கு இத்தனை கணக்கா?" என்று கேட்கலாம். அதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1735-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழு தலை நாகம் ஒன்றைப் பதம் செய்து வைத்திருந்தார்கள். அறிஞர்கள் அதைப் படம் எழுதி அச்சிட்டார்கள். விலையும் பலமாகப் பேசினார்கள். சொந்தக்காரர்களில் ஒருவர் அந்த நகரத் தலைவரே. அப்போது அந்த ஊருக்கு வந்தார் கார்ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்து இளைஞர். பின்னால் உலகத்துச் செடிகொடிகளுக்கும் பிராணிகளுக்கும் முறையாகப் பெயர் வைத்தவர் அவர்தான். அவர் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை, வாயைப் பார்த்தார். தாடையும் பல்லும் பாம்புடையவை அல்ல, மரநாய் இனத்தைச் சேர்ந்த வீசல் என்ற சிறு பிராணியுடையவை! பாதங்களும் அப்படியே. மேலே பாம்புத் தோலை ஒட்டியிருந்தார்கள். உண்மையை வெளியிட்டுவிட்டு, நகரத் தலைவரின் கோபத்துக்குப் பயந்து அவர் சீக்கிரமாகவே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஏழு தலை நாகம் இன்றும் சாகவில்லை, சகோதரிகளே. ஐந்து தலையோடு நம் கைப்பேசியில் வந்துகொண்டுதான் இருக்கிறது. "எங்கேயோ அகப்பட்டதாம், பத்துப் பேருக்கு அனுப்பவும்" என்ற குறிப்போடு வருகிறது. இப்போதெல்லாம் அப்படிப் படம் செய்வது தோசை வார்ப்பதைவிடச் சுலபம். அதை நம்புவதா, வேண்டாமா என்று நம் குழந்தைகள்தான் நாளைக்குத் தீர்மானிக்க வேண்டும். "இந்த ஐந்து கழுத்தும் எந்த எலும்பில் வந்து சேருகிறது?" என்று கேட்கத் தெரிந்த குழந்தையை ஏமாற்றுவது கஷ்டம். டிராகனைத் தானே செய்து பார்த்த குழந்தைக்கு அந்தக் கேள்வி தானாக வரும்.

ஆகவே இன்று ராத்திரி, கேள்வி வரும்போது அதட்டாதீர்கள். "நீயே சொல்லேன், எத்தனை கால் வைக்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். காகிதமும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். தூக்கம் அரை மணி தாமதமாகலாம், பாதகமில்லை.