படம் சரி, பறவை என்ன ஆச்சு?

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியை நடுவே வகிர்ந்துகொண்டு போகிறது. ராக்கெட் தளத்துக்காகப் போட்ட சாலை. மார்கழி, தை மாதங்களில் அதன் இருபுறமும் பூநாரைகள் நின்று மேயும். கழுத்தைத் தொங்கவிட்டு, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, சேற்றுத் தண்ணீரைச் சலித்துச் சாப்பிடும் பறவை அது. சனி, ஞாயிறு காலைகளில் சென்னைப் பதிவெண் கார்கள் வரிசையாக ஓரங்கட்டி நிற்கும். மேய்கிற பூநாரை படத்தில் அவ்வளவாக எடுபடாது. இறக்கையை விரித்தால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் செக்கச்சிவந்த நிறம் வெளியே வரும். அதனால் யாராவது ஒருவர் கேமராவோடு சேற்றில் இறங்கி நடக்கிறார். இல்லாவிட்டால் கைதட்டுகிறார். கூட்டம் தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி எழும்புகிறது. சாலையில் நிற்கும் அத்தனை கேமராக்களும் படபடக்கின்றன.

சாயங்காலத்துக்குள் படம் கைப்பேசிக் குழுக்களுக்குப் போய்விடும். "செம ஃப்ரேம்ண்ணா", "ஹைலைட் கொஞ்சம் வெளுத்திருக்கு ஜி", "1/2000 வச்சிருந்தா றெக்கை நுனி இன்னும் ஷார்ப்பா வந்திருக்கும்", "பறக்கிற பக்கம் இடம் விட்டிருக்கலாம்". ஒன்றுகூடத் தப்பான யோசனை இல்லை. சொன்னவர்களில் பலர் விவரம் தெரிந்தவர்கள். ஆனால் அந்தப் பறவைகள் எதற்காக எழும்பின என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

படங்களை அலசிக் கருத்துச் சொல்லும் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு விதிகளும் உண்டு: மரியாதையாகப் பேசவும், அடுத்தவர் படத்தைப் போடாதீர், ஒரு நாளைக்கு ஒரு படம், அரசியல் வேண்டாம். எல்லாம் குழு கலையாமல் இருப்பதற்கான விதிகள். இயற்கைப் படங்களைப் பேசும் குழுவுக்கு இவை போதாது. படம் எப்படி எடுக்கப்பட்டது என்று தெரியாமல் அதன் அழகைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது அங்கே முதல் விதியாக இருக்க வேண்டும்.

இதைச் சூளூர்பேட்டையை வைத்துப் பேசக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து மின்சார ரயிலிலேயே வந்து இறங்கிவிடலாம். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஒரு பக்கம். வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் நேலப்பட்டுச் சரணாலயம் இன்னொரு பக்கம். நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர் 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. மாவட்டம் மாறினாலும் பூநாரை விழா இந்த ஊரின் அடையாளமாகவே நிற்கிறது. புதிதாகக் கேமரா வாங்கிய ஒருவர் முதன்முதலில் பெரிய பறவைக் கூட்டத்தைப் பார்ப்பது பல நேரம் இங்கேதான். முதல் படத்துக்கு எதற்காகக் கைதட்டல் கிடைக்கிறதோ, அதையே அவர் அடுத்த பத்து வருஷத்துக்குத் தேடிப் போவார்.

நேலப்பட்டில் விஷயம் இன்னும் நுட்பமானது. தண்ணீருக்குள் நிற்கும் செங்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு வைக்கின்றன. நத்தைகுத்தி நாரை, இராக்கொக்கு, வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் அக்கம்பக்கத்துக் குடித்தனங்கள். கூழைக்கடாக் குஞ்சு பிறக்கும்போது உடம்பில் இறகே இருக்காது. ஆள் நெருங்கித் தாய்ப்பறவை எழுந்து போனால், முட்டைக்குக் காகம் வரும். குஞ்சுக்கு வெயிலே போதும். தாயின் தொண்டைப் பைக்குள் குஞ்சு தலையை விட்டு மீன் எடுக்கும் காட்சிதான் அங்கே எல்லோருக்கும் வேண்டும். அந்தப் படம் வந்தால் குழுவில் கண்ணில் ஃபோகஸ் இருக்கிறதா, பின்னணி சுத்தமாக இருக்கிறதா என்று பேசுவார்கள்.

சுத்தமான பின்னணியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சின்னப் பறவைகள் பெரும்பாலும் வெட்டவெளியில் கூடு வைக்காது; இலைக்குள், நிழலுக்குள் வைக்கும். நாலு பக்கமும் பளிச்சென்று தெரிகிற கூட்டின் படத்தைச் சற்று உற்றுப் பார்த்தால், ஓரத்தில் ஒடித்த கிளையின் வெள்ளை நுனி தெரியலாம். மற்ற இலை பச்சையாக இருக்க, ஒரு கொத்து மட்டும் துவண்டு தொங்கலாம். பறவையையும் படிக்கலாம். பூநாரைக் கூட்டத்தில் தலைகள் தண்ணீருக்குள் இருந்தால் அது மேய்கிறது. எல்லாக் கழுத்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, எல்லாக் கால்களும் ஒரே திசையில் நகர்ந்தால், படச் சட்டத்துக்கு வெளியே எதையோ கண்டு மிரண்டிருக்கிறது. பல நேரம் அது கேமராக்காரர்தான். ஒரு சின்னக் குருவி நெஞ்சை நிமிர்த்தி நேரே லென்ஸைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தால், பக்கத்தில் கைப்பேசியில் அதன் குரல் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்பது நியாயமான கேள்வி. விமரிசனம் என்றால் இப்படிப் படத்தைப் படிப்பதுதான். மூன்றில் ஒரு பங்கு விதியை மனப்பாடமாக ஒப்பிப்பதற்கு ஒரு செயலி போதும்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கான விளக்கத்துக்குள்ளேயே, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி வேண்டாம், கவண் வேண்டாம். கிளையை ஒடித்துக் கூட்டைத் திறந்துவைத்தவரும் அந்த விளக்கத்துக்குள் வந்துவிடக்கூடியவர்தான். இதைத் தெரியாமல் செய்கிறவர்கள் அதிகம். தெரியப்படுத்த வேண்டிய இடம் அந்தப் படம் போய்ச் சேரும் குழுதான். அங்கே அதற்கு ஐம்பது பூங்கொத்து விழுகிறது.

உலகப் பெரும் போட்டிகளே இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009-இல், வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம் முதல் பரிசு வாங்கியது. எடுத்தவர் ஸ்பெயின்காரரான ஹோசே லூயிஸ் ரோட்ரிகஸ். ஒளி, கணம், கட்டமைப்பு எதிலும் குறை இல்லை. பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவுசெய்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அவர் மறுத்தார். அதே போட்டியில் 2017-இல் மார்சியோ கப்ரால் எடுத்த எறும்புதின்னிப் படம் ஒரு பிரிவில் வென்றது. பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்கா, இரவு, மின்னும் கரையான் புற்று, பக்கத்தில் எறும்புதின்னி. படத்தில் இருப்பது பூங்கா வாசலில் வைத்திருந்த பாடம்செய்த எறும்புதின்னிதான் என்று 2018 ஏப்ரலில் நிபுணர்கள் முடிவுக்கு வந்தார்கள். அவரும் மறுத்தார், பரிசு போயிற்று. இரண்டிலும் நடுவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பிராணியை வேறு யாரோ பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இதற்குப் பிறகாவது புத்தி வந்ததா என்றால், காகிதத்தில் வந்திருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கழகமும் பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பும் பிரிட்டனின் ராயல் புகைப்படக் கழகமும் சேர்ந்து இயற்கைப் படத்துக்கு ஒரே வரையறை வகுத்துக்கொண்டன. 2015-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. படம் சொல்லும் சேதிக்குத்தான் அழகைவிட எடை என்று அது சொல்கிறது. எந்தப் படத்தையும்விட உயிரின் நலனே முக்கியம் என்பதும் அந்த வட்டாரத்தின் எழுதப்பட்ட கொள்கை. நம்மூர்ப் புகைப்படக் கழகங்கள் பட்டத்துக்குப் படம் அனுப்புவது இதே அமைப்புகளுக்குத்தான். அனுப்பும்போது விதியைப் படிக்கிறார்கள், வாராவாரம் தங்களுக்குள் பேசும்போது மறந்துவிடுகிறார்கள்.

பேசும் தொனிக்கும் விதி வேண்டும். தமிழ் வாசகருக்குக் காரசாரமான விமரிசனத்தின் ருசி நன்றாகத் தெரியும். இசை விமரிசகர் சுப்புடு கச்சேரிக்கு எழுதிய வரிகளைக் கச்சேரியைவிட அதிகமாக ரசித்தவர்கள் உண்டு. ஆனால் அவர் எழுதியது மேடையேறிப் பேர்வாங்கிய வித்வான்களைப் பற்றி. போன மாதம் தவணையில் லென்ஸ் வாங்கியவரிடம் அந்தக் கத்தியைச் சுழற்றினால் அவர் அடுத்த படத்தைப் போடமாட்டார், அவ்வளவுதான் பலன். மறுகோடியில், எதற்கெடுத்தாலும் 'அருமை' போடும் கூட்டம். இது இன்னும் மோசம். திட்டாவது ஒரு ஆள் படத்தைப் பார்த்தான் என்பதற்குச் சாட்சி.

நன்னூல் ஒரு நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு என்று பேர்வைத்துப் பட்டியலிட்டிருக்கிறது. குற்றத்துக்கென்று ஒரு பேர் இருந்தால், ஆளைச் சொல்லாமல் குற்றத்தைச் சொல்ல முடியும். அழகுக்கும் பட்டியல் உண்டு என்பதால், பாராட்டுகிறவரும் எதைப் பாராட்டுகிறோம் என்று சொல்லியாக வேண்டும். அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த முறையும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் வருகிறது: பார்த்தவர்கள் முதலில் தங்களைத் தொட்டது எதுவென்று சொல்ல வேண்டும்; பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார்; பிறகு பார்த்தவர்கள் அபிப்பிராயம் கலக்காமல் கேள்வி கேட்பார்கள்; கடைசியில், படைத்தவர் சரி என்றால் மட்டும் கருத்து. நடனத்துக்கு வந்த இந்த வரிசை பறவைப் படத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது. "எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள்?", "என்ன லென்ஸ், எவ்வளவு க்ராப்?", "எடுத்து முடித்ததும் பறவை என்ன செய்தது?" என்ற கேள்விகளுக்குப் பதில் வந்தாலே பாதி விமரிசனம் முடிந்துவிடும். கடைசிக் கேள்விதான் உயிர். மேய்ந்துகொண்டே இருந்தது என்றால் படத்தைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்.

இன்னும் இரண்டு மூன்று விதிகள் சேர்க்கலாம். கூட்டின் படத்துக்குத் தொழில்நுட்ப யோசனை சொல்வதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். 'இன்னும் கொஞ்சம் கிட்டே போயிருக்கலாம்' என்ற ஒரு வரி போதும், அடுத்த வாரம் பத்துப் பேர் கிட்டே போய்விடுவார்கள். ஆந்தை, அரிய பறவை, கூடு எதற்கும் இடத்தின் பேரை எழுதக் கூடாது. படக் கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறியையும் நீக்கிவிட வேண்டும். உலகம் முழுக்கப் பறவைப் பட்டியல் சேர்க்கும் 'ஈபேர்ட்'கூட ஆபத்தில் இருக்கும் சில இனங்களின் இடத்தை மறைத்தே வைக்கிறது. வசதிப்பட்டால், போட்டிகளில் செய்வதுபோல எடுத்தவர் பெயரை மறைத்து வாரம் ஒரு படத்தைப் பேசிப் பார்க்கலாம். குழுவின் பெரியவர் படமா, புதியவர் படமா என்று தெரியாதபோது வரும் கருத்துகள் வேறு மாதிரி இருக்கும்.

இந்த விதிகளுக்கு எதிர்ப்பு வரும், அதில் நியாயமும் இருக்கிறது. கேள்வி கேட்கப் புறப்பட்டவர்கள் சீக்கிரமே போலீஸ்காரர்கள் ஆகிவிடுவார்கள். நேலப்பட்டில் கண்காணிப்புக் கோபுரத்தின் மேல் நின்று நீண்ட லென்ஸில் கூட்டை எடுத்தவர் எவரையும் தொந்தரவு செய்யவில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததும் "வெட்கமாக இல்லையா" என்று ஆரம்பிப்பவரை அதே விதி நிறுத்த வேண்டும். கேட்காமல் குற்றம் சாட்டுவதும் கேட்காமல் கைதட்டுவதும் ஒரே சோம்பேறித்தனம்தான்.

பழைய ஜாம்பவான்கள் கூட்டுப் படம் எடுக்கவில்லையா என்பது அடுத்த வாதம். எடுத்தார்கள். மறைப்புக் கட்டி, நாள்கணக்கில் உள்ளே அசையாமல் உட்கார்ந்து எடுத்தார்கள். அன்றைக்கு ஒரு மாவட்டத்துக்கு அப்படி ஒருவர் இருந்தாலே அதிகம். இன்றைக்கு ஒரு மரத்தடியில் ஒரே காலையில் முப்பது பேர். மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளலாம். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றி எழுதினார். வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைக் கோத்துத் தானே ஒரு கேமரா கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்தார். நடந்தும் யானைமேல் அமர்ந்தும் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவருடைய படங்கள் பலவற்றை இன்றைய குழுவில் போட்டால், துல்லியம் போதாது, பிராணி ஃப்ரேமில் சின்னதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தால் காடு தெரியும், பிராணி என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியும்.

விதியை யார் போடுவது? வனத்துறையால் ஏரி முழுக்க ஆள் நிறுத்த முடியாது, நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. குழுவை நடத்துபவர்களால் முடியும், போட்டி நடத்துபவர்களால் இன்னும் எளிதாக முடியும். விழாவை ஒட்டிப் பள்ளி, கல்லூரிகளில் படப்போட்டி வைப்பவர்கள் விண்ணப்பத்தில் மூன்றே மூன்று வரி சேர்த்தால் போதும்: தூரம், எடுத்த விதம், பிறகு பறவை செய்தது. அதை நிரப்பாத படம் நடுவரிடமே போகக் கூடாது. பொய் எழுதுவார்கள் என்றால், எழுதட்டும். நிமிர்ந்த கழுத்தும் ஒடிந்த கிளையும் படத்திலேயே இருக்கும். ஐப்பசியில் கூழைக்கடாக்கள் நேலப்பட்டுக்குத் திரும்பத் தொடங்கும். அதற்குள் அந்த மூன்று வரியைக் குழுவின் உச்சியில் ஒட்டிவைக்க நேரம் இருக்கிறது.