வெளியேற வேண்டியவர் குழந்தை அல்ல

தந்தையோ, சித்தப்பாவோ, தாயின் இரண்டாம் கணவரோ செய்த பாலியல் வன்கொடுமையை ஒரு சிறுமி துணிந்து சொல்லிவிடுகிறாள். வழக்குப் பதிவாகிறது. அதன்பின் பல நேரங்களில் நடப்பது இதுதான்: அவள் காப்பகத்துக்கு அனுப்பப்படுகிறாள். பள்ளி மாறுகிறது, தோழிகள் போகிறார்கள், தம்பி தங்கையைப் பார்ப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. ஜாமீனில் வந்தவரோ அதே வீட்டில், அதே தெருவில் நடமாடுகிறார். குற்றத்துக்கு ஆளானவளே தண்டனையையும் அனுபவிக்கும் இந்த நடைமுறைக்கு முடிவு கட்டியாக வேண்டும்.

குடும்பத்துக்குள் நடக்கும் குற்றத்தை நம் சட்டம் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இரத்த உறவுக்குள் நடக்கும் பாலுறவுக்கென்று தனிக் குற்றப்பிரிவு இல்லை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. ஆனால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இரத்த உறவோடு நிற்காமல் வீட்டையே கணக்கில் எடுத்துக்கொண்டது. தத்து, திருமணம், பாதுகாவல் ஆகியவற்றால் வந்த உறவினர், ஒரே வீட்டில் சேர்ந்து வசிப்பவர் என எவர் குழந்தையிடம் ஊடுருவும் பாலியல் வன்கொடுமை செய்தாலும் அது கடுங்குற்றம். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டுச் சிறை. மரண தண்டனை வரை விதிக்கலாம்.

இதற்கு மேல் தண்டனையைக் கூட்ட இடமில்லை. தண்டனை கூடினால் மட்டும் குழந்தைகளின் வாய் திறந்துவிடுமா? அந்த மௌனம் எவ்வளவு பரவலானது என்பதைப் போக்சோ சட்டம் வருவதற்கு முன்பே ஓர் ஆய்வு காட்டியது. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதே இல்லை.

ஏன் சொல்வதில்லை என்பதற்கான விடை அந்த வீட்டின் வரவு செலவில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் துன்புறுத்தியவர் பெயரில். அரிசி, பருப்பு அவர் சம்பளத்தில். தங்கையின் பள்ளிக் கட்டணம், பாட்டியின் மருந்து எல்லாம் அவர் கையில். 'நீ வாயைத் திறந்தால் நாமெல்லாம் நடுத்தெருவுக்கு வந்துவிடுவோம்' என்று யாரும் மிரட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கே அந்தக் கணக்கு தெரியும். அப்பாவுக்குத் தூக்கு கிடைக்கலாம் என்ற எண்ணமும் சேர்ந்தால் அவள் எப்படிப் பேசுவாள்? பேசியவளும் வழக்கு விசாரணைக்கு வரும்போது பிறழ் சாட்சியாகிவிடுகிறாள். 'கோபத்தில் பொய் சொல்லிவிட்டேன்' என்கிறாள். அதைக் கேட்டு அவளைக் குறை சொல்வோர், புகாருக்கும் விசாரணைக்கும் இடைப்பட்ட மாதங்களில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று விசாரித்துப் பார்க்க வேண்டும்.

தாயின் நிலையும் கொடிது. குற்றம் தெரிந்தும் புகார் தராவிட்டால் போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவு அவரையே குற்றவாளியாக்கும். புகார் தந்தால் குடும்பத்தின் ஒரே வருமானம் நின்றுபோகும். இந்த இரண்டுக்கும் நடுவே சட்டம் அவருக்கு என்ன வழி காட்டியிருக்கிறது?

2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் வசிப்பவரானால், குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் 24 மணி நேரத்துக்குள் முன்னிலைப்படுத்த வேண்டும். குழந்தையை அந்த வீட்டிலிருந்து அகற்ற வேண்டுமா என்பதைக் குழு மூன்று நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட விதிதான். ஆனால், அது கேட்கும் கேள்வியே பிழை. குழந்தையை அகற்றலாமா என்று கேட்கும் விதி, அந்த ஆளை அகற்றலாமா என்று கேட்கவில்லை.

அவரை அகற்றச் சட்டத்தில் இடமில்லாமலும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், பாலியல் கொடுமை செய்தவரை வீட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது (பிரிவு 19). குடும்பச் செலவுக்குப் பணம் தரச் சொல்லலாம் (பிரிவு 20). இவற்றையெல்லாம் நடந்துகொண்டிருக்கும் குற்ற வழக்கிலேயே கேட்கலாம் என்கிறது 26-ஆம் பிரிவு. தாய் இன்னொரு நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. இந்தப் பிரிவுகள் பயன்படுத்தப்படாமல் கிடக்கக் கூடாது. ஒரு குறை மட்டும் உண்டு: இச்சட்டம் பாதிக்கப்பட்டவராகப் பெண்ணையே கருதுகிறது. பாதிக்கப்பட்ட பையனுக்கும் இதே பாதுகாப்பு கிடைக்கும்படி போக்சோ சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் கடமை.

பதினெட்டு வயது நிறைந்தபின் என்ன ஆகும் என்பதையும் பேசியாக வேண்டும். சிறுவயது முதல் ஒருவரின் பிடியில் இருந்த பெண், 18 முடிந்த மறுநாள் சுதந்திரமானவள் ஆகிவிடுவதில்லை. அப்போது 'அவள் சம்மதித்தாள்' என்ற வாதம் நீதிமன்றத்தில் எழும். அதிகாரமோ நம்பிக்கையோ உள்ள இடத்தில் இருப்பவர் அதைத் தவறாகப் பயன்படுத்திப் பெண்ணை இணங்க வைத்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 68-ஆம் பிரிவு 5 முதல் 10 ஆண்டுவரை சிறை விதிக்கிறது. அரசு ஊழியர், சிறை அதிகாரி, மருத்துவமனை நிர்வாகி ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தந்தையை, மாற்றாந்தந்தையை, வளர்த்தவரைக் குறிப்பிடவில்லை. அவர்களையும் அதில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.

இதற்கு மாறாக, தடை செய்யப்பட்ட உறவுக்குள் நடக்கும் எல்லாப் பாலுறவையும் தனிக் குற்றமாக்கச் சிலர் கோருகிறார்கள். அவர்களின் அருவருப்பு புரிகிறது. கோரிக்கையை ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் செய்தது. அதன் 65-ஆம் பிரிவின்படி வயதுவந்த உறவினருக்கு உடன்பட்டவரும் குற்றவாளி. 2 ஆண்டுவரை சிறை உண்டு. பல ஆண்டு அடிமைப்பட்ட மகள், தந்தைமீது புகார் சொல்ல வந்தால் தானும் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேருமோ என்று அஞ்சுவாள். அவளைப் பிடியில் வைத்திருந்தவருக்கே அந்த அச்சம் கேடயமாகிவிடும். மேலும், எது தகாத உறவு என்பது ஊருக்கு ஊர் மாறும். அக்காள் மகளை மணப்பது தமிழ்நாட்டில் பல சமூகங்களின் வழக்கம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அத்தகைய வழக்கத்துக்கு விலக்கும் தருகிறது. உறவின் பெயரை வைத்துக் குற்றத்தை அளந்தால் இந்தச் சிக்கல் தீராது. யார் யாரை அண்டி வாழ்ந்தார், அதை யார் பயன்படுத்திக்கொண்டார் என்பதையே சட்டம் பார்க்க வேண்டும்.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியதற்குக் காலம் பிடிக்கும். மாநில அரசு செய்ய வேண்டியதற்கு ஓர் அரசாணை போதும். குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் வசிப்பவராக உள்ள ஒவ்வொரு போக்சோ வழக்கிலும், அவரை வெளியேற்றும் மனுவையும் குடும்பச் செலவுக்கான மனுவையும் முதல் விசாரணை நாளிலேயே தாக்கல் செய்ய வேண்டும் என்று அரசு வழக்கறிஞர்களுக்கு உத்தரவிடட்டும். மனுமீது முடிவு வரும்வரை அந்த வீட்டின் வாடகையையும் ரேஷனுக்கு மேற்பட்ட செலவையும் அரசே ஏற்கட்டும்.