வேவு பார்ப்பது நிர்வாக உரிமையன்று

ஊழியர் ஒருவர் நிறுவனம் வழங்கிய மின்னஞ்சலிலிருந்து வேறு வேலைக்கு விண்ணப்பிக்கிறார் எனில், அது அன்றைக்கே நிர்வாகத்தின் பார்வைக்குச் சென்றுவிடக்கூடும். கணினி எங்களுடையது, ஆகவே கடிதமும் எங்களுடையதே என்பது முதலாளிகளின் வாதம்.

தனியுரிமை, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் தரவுகளை அவரது ஒப்புதலின்றியே கையாள முதலாளிக்கு வழிவிடுகிறது. ‘இழப்பு’ என்ற சொல்லுக்குள் எதையும் அடக்கிவிடலாம்.

2017 செப்டம்பரில் ருமேனிய ஊழியர் ஒருவரின் வழக்கில், பணியிடத்தில் தனிவாழ்வை முதலாளியின் உத்தரவு முற்றாக அழித்துவிட முடியாது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் கூறியது. கண்காணிப்பின் தன்மையும் அளவும் ஊழியருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டனவா என்றும் அது வினவியது.

தொழிலாளி விற்பது தன் உழைப்புச் சக்தியை மட்டுமே, தன்னையல்ல. அதை வேறிடத்தில் விற்கும் சுதந்திரமே அவரைக் கொத்தடிமையிலிருந்து வேறுபடுத்துகிறது. வேலை தேடுவது குற்றமன்று.

சொந்தக் கடிதங்களுக்குச் சொந்த மின்னஞ்சலைப் பயன்படுத்துவது விவேகமே. எனினும் எச்சரிக்கை உரிமைக்கு ஈடாகாது. தொழிற்சங்கங்களுடன் கலந்து பேசி, எழுத்துமூலம் அறிவிக்கப்படாத கண்காணிப்பு எதுவும் சட்டவிரோதமாக்கப்பட வேண்டும். அதற்கேற்ப 7-வது பிரிவை ஒன்றிய அரசு திருத்தியாக வேண்டும்.